தம்பி பெயரில் ஒரு கட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பரணிலிருந்து ஒரு பையை இழுத்துக் கீழே போட்டாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் சுற்றுலா கூட்டிப் போகிறார்களாம். தோளில் மாட்டுகிற நீல நிறத் துணிப்பை. நல்ல பைதான். ஆனால் ஜிப்பின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு குட்டிப் பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி இல்லை.

"இதை எதுக்குப்பா பூட்டி வச்ச? உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை யாராச்சும் பூட்டுவாங்களா?"

எட்டாம் வகுப்புப் பிள்ளை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். நாள் முழுக்க இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் மல்லுக்கட்டுகிறேன். இருந்தாலும் வீட்டுப் பிள்ளையிடம் அந்த வாத்தியார்த்தனம் செல்லாது. பையை வாங்கித் தூசி தட்டினேன். பூட்டில் பச்சை பூத்திருந்தது. சாவி போகிற ஓட்டையில் இரண்டு மூன்று மணல் துகள்கள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஈரத்துண்டை மடித்து மறந்துவிட்ட நாற்றமும், அதற்கடியில் லேசாகக் கடல் வாடையும். பழங்காநத்தத்தில், பஸ் ஹாரன் ஓயாத தெருவில், மாடி வீட்டு வராந்தாவில் நின்றுகொண்டு நான் கடலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு இந்தப் பூட்டைப் பற்றித் தெரியும்.

அந்தப் பூட்டைக் கொடுத்தவன் காஜா மைதீன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில் அவர்களுக்குப் பைக்கடை. பெட்டி, பள்ளிக்கூடப் பை, பூட்டு, ரெயின்கோட் எல்லாம் கிடைக்கும். இப்படி 'காஜா மைதீன்' என்று முழுசாகச் சொல்லும்போது யாரோ வேற்றாள் பெயரைச் சொல்வதுபோல இருக்கிறது. ஏனென்றால் அவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எங்கள் பக்கத்தில் பாய் வீட்டுக்காரர்களும் மற்றவர்களும் மாமா, மச்சான், மாப்ள என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வது இருக்கிற வழக்கம்தான். அவனுடைய அத்தா என் அப்பாவை மச்சான் என்பார். அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள் மாப்ள, மாப்ள என்றே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டோம். என் போனில்கூட அவன் நம்பர் 'மாப்ள' என்றுதான் இருக்கிறது. ஊரில் எத்தனை மாப்ள இருந்தாலும் போனில் அடைமொழி இல்லாத மாப்ள அவன் ஒருத்தன்தான். இன்னொருத்தன் இருக்கிறான், அவன் 'மாப்ள பாண்டி'.

பாண்டி அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பொங்கலன்று அவன் பட்டறை மாடியில் ஏறி நின்றால் ஜல்லிக்கட்டு மாடுகள் ஓடி முடிந்து வெளியேறுகிற தெரு தெரியும். மாடு பிடிப்பதைப் பார்க்க முடியாது, பிடிபடாமல் வந்த மாட்டைத்தான் பார்க்கலாம். அதுவே எங்களுக்குப் பெரிய பெருமை. காஜா மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்துவான். மறுநாள் கடையில் பேச்சே வராமல் கைச்சாடையில் பை விற்பான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மூவரும் கீழக்குயில்குடிக்குப் போவோம். அடிவாரத்துத் தாமரைக்குளத்தைப் பார்த்தபடி வடை தின்றுவிட்டு மலையேறினால், பாறையில் வெட்டிய சமணர் படுக்கைகள். அப்படி ஒருநாள் பாண்டி ஒரு படுக்கையில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "ஏ, தலைமாட்டுல மேடு வச்சுல்ல செதுக்கிருக்காய்ங்க. எம்புட்டு யோசிச்சிருக்காய்ங்க பாரு" என்றான். காஜா எண்ணிப் பார்த்தான். "எட்டுப் பேரு படுக்கலாம் மாப்ள. இப்ப பாண்டிச்சேரியில இதத்தான் ஹாஸ்டல்னு விடுறாங்க. ஒரு ரூம்ல எட்டுக் கட்டில். எவன் எந்த ஊருன்னே தெரியாது. எங்க மச்சினன் போயிட்டு வந்து ஒரே பெருமை."

அங்கேதான் அந்தப் பயணம் முடிவானது. உண்மையில் அது காஜாவின் ஆசை. அவன் அத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து பத்து வருஷமாகக் கடையே கதி என்று கிடந்தவன். கல்யாணம், காதுகுத்து தவிர வெளியூர் போனதில்லை. எனக்குக் கடல் என்றால் உப்புத்தண்ணீர், அவ்வளவுதான். பாண்டிக்குச் சொந்தத் தலையணை இல்லாவிட்டால் தூக்கம் வராது. காஜா ஒருத்தன்தான் அந்த இரண்டரை நாளுக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தான்.

ஹாஸ்டல் என்றதும் எங்கள் வீடுகளில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வயதில், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் இருக்கும்போது ஹாஸ்டலில் போய்த் தங்குகிறோம் என்றால் யார்தான் நம்புவார்கள்? என் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "என்னடா, திரும்பவும் ஏதும் பரீட்சையா?" என்று கேட்டார். பாண்டி தன் பங்குக்கு, "சாப்பாட்டு மணி எப்ப அடிப்பாய்ங்க, வார்டன் கேட்டைப் பூட்டிட்டா என்ன செய்ய?" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

அவரவர் பெட்டகத்துக்கு அவரவரே பூட்டு கொண்டுவர வேண்டும் என்று அந்த ஹாஸ்டலில் போட்டிருந்தது. காஜா கடையிலிருந்து மூன்று பித்தளைப் பூட்டு எடுத்து வைத்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி. ஆளுக்கு ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, மிச்ச மூன்றையும் ஒரு நூலில் கோத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். "நீங்க ரெண்டு பேரும் தொலைச்சுருவீங்கடா. எங்கிட்ட கெடக்கட்டும்." சொன்னது சரிதான் என்று இப்போது தெரிகிறது.

நான் செய்ததைச் சொல்வதற்கு முன் சென்னையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது சாக்குத்தான். சாக்கு என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

படித்து முடித்த புதிதில் நானும் காஜாவும் சென்னையில் ஒரே கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தோம். வீடு தேடி அலைந்தது பெரிய கதை. வீட்டுக்காரர் நன்றாகத்தான் பேசுவார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதுவரை சொல்லிவிட்டு, "தம்பி பேரு?" என்பார். இவன் சொல்வான். உடனே அவருக்கு ஊரிலிருந்து அக்கா மகன் வந்து தங்கப்போவது ஞாபகம் வந்துவிடும். மூன்று வீட்டில் இப்படி ஆனது. நாலாவது வீட்டு வாசலில் காஜாவே சிரித்துக்கொண்டு சொன்னான்: "நீ மட்டும் போயிக் கேளு மாப்ள. நான் முக்குல நிக்கிறேன். அட்வான்ஸ் குடுத்தப்புறம் வாரேன்." அவன் தெருமுனை டீக்கடையில் நிற்பான், நான் போய்ப் பேசுவேன். கடைசியில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரம்மா பிறகு அவனைத்தான் சொந்தப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டது, அது வேறு விஷயம். ஆனால் எனக்கு அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் நான் முதலில் போவது, அவனைப் பின்னால் வரச் சொல்வது. அவனுக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் கட்டில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். மூன்று பேர் பெயரும் கேட்டது. என் பெயரைப் போட்டேன். பாண்டி பெயரைப் போட்டேன். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவன் பெயரை முழுசாக எழுத வேண்டிய வேலை வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அப்போதுதான் வந்திருந்தது. அந்த ஹாஸ்டல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த நிபந்தனையும் போடவில்லை. நானாகத்தான் யோசித்தேன். முன்னூறு கிலோமீட்டர் தாண்டிப் போய், வாசலில் வைத்து, "கட்டில் காலி இல்லை" என்று சொல்லிவிட்டால்? பத்து வருஷம் கழித்து ஆசையாக வருகிறவன் முகம் எப்படிப் போகும்? அப்புறம் எதற்கு வம்பு என்று என் தம்பி பெயரைப் போட்டுவிட்டேன். செந்தில்குமார். திருப்பூரில் இருக்கிறான். ரேஷன் கார்டு வேலைக்காக அவனுடைய ஆதாரைப் படம்பிடித்து என் போனில் வைத்திருந்தேன். ஆதார் போட்டோவில் யார்தான் யார் மாதிரி இருக்கிறார்கள்?

போட்டு முடித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காஜாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அவனுக்குத் தெரியப்போவதில்லை, தெரியாவிட்டால் வலிக்கப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன். வாத்தியார் புத்தி.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பாண்டியின் பழைய காரில் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டியதும் காஜா ஓட்டினான். ஜன்னலை இறக்கிவிட்டு, "உப்புக் காத்து வருதுடா, வருதுடா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வந்தது பக்கத்து லாரியின் டீசல் புகை. நான் அவன் பேச்சில் பாதியைத்தான் கேட்டேன். வாசலில் அவனை எப்படித் தள்ளி நிறுத்துவது என்பதே என் யோசனையாக இருந்தது.

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய வீடு. சுவரெல்லாம் மீனும் அலையுமாகப் படம். முற்றத்தில் வாடகைச் சைக்கிள்கள், ஊஞ்சல் வலை, சத்தமாகப் பாட்டு. தெரு முழுக்க அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஜனம். ஐஸ்கிரீம் வண்டி, பலூன், செல்ஃபி. எங்களூர்ச் சித்திரைக் கூட்டத்தில் பாதி, ஆனால் யாருக்கும் எங்கேயும் போக அவசரமில்லை. கார் நிறுத்த இடமில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"மாப்ள, நீ காரை எங்கிட்டாச்சும் ஓரங்கட்டிட்டு வா. நாங்க போயி எழுதி முடிச்சர்றோம்."

உள்ளே நடக்கும்போதுதான் பாண்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டான். "அதெல்லாம் எதுக்குடா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"எனக்கென்னவோ சரியாப் படல. சரி, நீ படிச்சவன்."

வரவேற்பு மேஜையில் குட்டை முடி வைத்த ஒரு பெண் இருந்தது. சிரித்த முகம். மூன்று ஆதாரையும் பார்த்தது, மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டது. "தம்பி கார் நிறுத்துது" என்றேன். வாய் கூசவில்லை. அந்தப் பெண் எங்களோடு அறைக்கு வந்தது. இரண்டடுக்காக எட்டுக் கட்டில்கள். ஒவ்வொன்றின் கால்மாட்டிலும் கை அகலத்துக்கு ஒரு சிலேட்டுத் தொங்கியது. "இங்க பெட் நம்பர் கெடையாதுண்ணா. நம்பர் சொல்லி யாரையும் கூப்பிடப் பிடிக்காது. பேருதான்" என்று சொல்லி, சாக்பீஸால் எங்கள் மூன்று பேர் பெயரையும் தமிழில் அழகாக எழுதிவிட்டுப் போனது. பாண்டி எனக்கு மேல் அடுக்கில். எனக்கு எதிரே கீழ்க்கட்டிலில் 'செந்தில்குமார்'.

காஜா வேர்த்து விறுவிறுத்து வந்தான். அறையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "கீழக்குயில்குடி மாதிரியே இருக்குடா!" ஒவ்வொரு சிலேட்டாகப் படித்துக்கொண்டே வந்தான். என் பெயரைப் படித்தான். பாண்டியின் முழுப் பெயரைப் படித்துவிட்டு, "பாண்டிப் பயலுக்குப் பின்னால முருகனும் இருக்கானா?" என்றான். எதிர்க்கட்டிலுக்குத் திரும்பினான். அடுத்து அவன் கேட்டதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"அட, தம்பி செந்திலும் வாரானா? சொல்லவே இல்லயேடா!" சந்தோஷமாகத்தான் கேட்டான். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தான். "சரி, அப்ப எனக்கு எந்தக் கட்டில் மாப்ள?"

பாண்டி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சென்னை வீட்டுக்காரர்களில் ஆரம்பித்து, சுற்றி வளைத்து, "உனக்காகத்தான் மாப்ள. நீயும் எனக்குத் தம்பி மாதிரிதானே" என்று முடித்தேன். பேசும்போதே அவன் கண் என் தலைக்கு மேலே போனது. செந்தில்குமார் என்று எழுதியிருந்த கட்டிலுக்கு நேர் மேல் அடுக்கில் ஒரு சிலேட்டு. எங்களுக்கு முன்பே வந்து தங்கியிருந்த ஆள். 'ஷபீர், கோழிக்கோடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் எங்கள் மூன்று சிலேட்டுகளைத்தான்.

காஜா கட்டிலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மணி பன்னெண்டரை ஆச்சு. ஜும்மாவுக்குப் போகணும். பக்கத்துல பள்ளிவாசல் எங்க இருக்குன்னு கீழ கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்தான்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ரிசப்ஷன்ல மட்டும் கேக்காத மாப்ள. வெளிய கடையில கேட்டுக்கயேன்."

அவன் கதவைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இருந்ததா என்றால், இல்லை. எங்கள் கடைத்தெருவில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தர் நம்மை அடையாளம் தெரியாமல் கடந்துபோனால் நம் முகம் எப்படி ஆகும், அவன் முகம் அப்படி இருந்தது. பிறகு இறங்கிப் போனான். நான் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே நடப்பதைக் கேட்டேன்.

"நான் செந்தில் இல்லம்மா. காஜா மைதீன். இது என்னோட ஆதார். ரெஜிஸ்தர்ல மாத்திருங்க."

"ஐயோ, அந்தண்ணா தப்பாக் குடுத்துட்டாங்களா? பரவால்லண்ணா, இப்பவே மாத்திர்றேன்."

"பக்கத்துல பள்ளிவாசல் எங்கம்மா இருக்கு?"

"வெளிய போயி லெஃப்ட்ல ரெண்டாவது தெருண்ணா. ஷபீர்னு ஒருத்தர் இப்பதான் கெளம்பினாரு, ஓடுனீங்கன்னா பிடிச்சிரலாம்."

அவ்வளவுதான். எண்ணி நாலு வாக்கியம். நான் ஒன்றரை மாதம் பயந்து, தம்பியின் ஆதாரைத் தூக்கிக்கொண்டு, விழுப்புரத்திலிருந்து திட்டம் போட்டு மறைத்த விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோனது. அந்தப் பெண் ஈரத்துணியோடு மேலே வந்து செந்தில்குமாரைத் துடைத்துவிட்டு, அதே சிரிப்போடு 'காஜா மைதீன்' என்று எழுதியது. என்னைப் பார்த்து, "நீங்க ரொம்ப டென்ஷன் பார்ட்டியாண்ணா?" என்று கேட்டது. பாண்டி ஹி ஹி என்று சிரித்தான். எனக்கு அந்த ஈரத்துணியை வாங்கி என் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் அவனைத் தனியாகப் பிடித்தேன். பாண்டி அலையில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். "தப்பா எடுத்துக்காத மாப்ள" என்று ஆரம்பித்தேன்.

"தப்பா எடுக்கல." கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சென்னையில நான் முக்குல நின்னேன்ல, அது நானா நின்னது. இன்னைக்கு நீ என்னய நிக்க வச்சுட்ட."

"இல்லடா, ஒருவேளை அவங்க இல்லைன்னு சொல்லியிருந்தா..."

"சொல்லட்டுமே. சொன்னா மூணு பேருமாச் சேர்ந்து அவங்கள நல்லா நாலு வார்த்தை வஞ்சுட்டு, கார்லயே படுத்து எந்திரிச்சு ஊருக்குப் போயிருப்போம். சிரிச்சுக்கிட்டே போயிருப்போம். யாருமே இல்லைன்னு சொல்லலயேடா. நீதான சொல்லிருக்க."

நான் பாண்டி நின்ற பக்கமாக நடந்தேன். 

அவன் கோபித்துக்கொண்டு அன்றே பஸ் ஏறியிருந்தால் நான் பின்னாலேயே ஓடி, பஸ் ஸ்டாண்டில் காலைப் பிடித்திருப்பேன். அப்படி ஒரு வாய்ப்பை அவன் தரவில்லை. முழு இரண்டு நாளும் இருந்தான். சந்தோஷமாகவே இருந்தான். காலையில் ஹாஸ்டல்காரர்களோடு சைக்கிளில் சுற்றினான், கடலில் கண் சிவக்கிறவரை கிடந்தான். சனிக்கிழமை அந்தப் பொதுச் சமையலறையில் முன்பின் தெரியாத பதினைந்து பேருக்குத் தக்காளிச் சோறு ஆக்கிப்போட்டான். "காஜாண்ணா, காஜாண்ணா" என்று அந்த வீடு முழுக்க அவன் பெயராகவே இருந்தது. ஒன்றரை நாளில் அத்தனை பேர் அந்தப் பெயரைச் சொன்னார்கள். நான் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். என் தட்டிலும் குறையில்லாமல்தான் போட்டான்.

சாப்பிடும்போது ஷபீர் எங்கள் மூவரையும் கையால் காட்டி, "நிங்கள் மூணு பேரும் ஃப்ரெண்ட்ஸா?" என்று கேட்டான்.

காஜா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுச் சொன்னான்: "ஒரே ஊர்க்காரங்க."

பாண்டி சோற்றை மெல்லுவதை நிறுத்திவிட்டான். பொய் என்று சொல்ல முடியாது. ஒரே ஊர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பையைக் கட்டிவிட்டு, அவன் கொடுத்த பூட்டையே ஜிப்பில் போட்டுப் பூட்டினேன்; வீட்டில் துணியை எடுத்துவிட்டு வெறும் பையைத் திரும்பவும் அதே பூட்டால் பூட்டிப் பரணில் போட்டதும் நான்தான். திரும்பி வருகிற வழியில் காஜா பின்சீட்டில் தூங்கினான், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கீழவாசலில் இறங்கும்போது, "வாரேன் பாண்டி" என்றான். என் பக்கம் திரும்பி, "வர்றேங்க" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். பாண்டி வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கேட்டான். "என்னடா, மருவாதி குடுத்துட்டுப் போறான்?"

அந்த மரியாதைதான் ஆறு வருஷமாக, இன்றுவரை நடக்கிறது. சண்டை கிடையாது. மூன்று பேர் வாட்ஸ்அப் குழுவை விட்டு அவன் விலகவில்லை. நான் எதைப் போட்டாலும் கட்டை விரலைக் காட்டிவிடுவான். பொங்கலுக்குப் பாண்டியின் மாடிக்குக் கூப்பிட்டால் "கடையில ஆள் இல்ல" என்று பதில் வரும். பக்ரீத்துக்குப் பிரியாணி வருவதும் நிற்கவில்லை. முன்பு அவன் வீட்டில் போய் ஒரே தட்டில் உட்காருவோம், இப்போது ஆட்டோவில் டப்பா வருகிறது. டப்பாவைக் கழுவி நானும் ஆட்டோவில் திருப்பி அனுப்புகிறேன். என் அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றான், கடைசிவரை கூடவே இருந்தான். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க" என்றான். அப்பாவுக்கு அழுததைவிட அந்த 'ங்க'வுக்குத்தான் நான் அதிகம் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியாது.

அவன் என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம். "ஏண்டா துரோகி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த 'டா'வில் பிடித்துத் தொங்கி ஏறி வந்திருப்பேன்.

கீழக்குயில்குடிக்கு இப்போது நானும் பாண்டியும் போவதில்லை. இரண்டு பேராக அந்தப் படுக்கைகளில் உட்கார்ந்தால் பேச ஒன்றும் இல்லை. பாண்டி என்னை மன்னித்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். அவன் எதையும் வைத்துக்கொள்கிற ஆளில்லை. ஆனால் அவனும் இப்போதெல்லாம் என்னைக் கேட்காமலே நிறையக் காரியம் செய்கிறான். "நீ படிச்சவன்" என்று சொல்வதை விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நீலப்பையை எடுத்துக்கொண்டு கீழமாசி வீதிக்குப் போனேன். பூட்டு ஒரு சாக்கு. பூட்டு உடைக்கப் பழங்காநத்தத்தில் ஆள் இல்லாமலா? நூலில் கோத்த மூன்று சாவி அவனிடம் இருக்கும், அதை எடுத்துத் திறக்கும்போது ஏதாவது சொல்வான், "தொலைச்சுருவேன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை வராதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அந்தச் சந்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைப் படியேறினேன்.

"வாங்க. உக்காருங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? டீ சொல்லவா?"

பையைக் கண்ணாடி மேஜையில் வைத்தேன். "மகளுக்கு டூர். சாவி தொலைஞ்சு போச்சு. இன்னொரு சாவி உங்கிட்டதான் இருந்துச்சு மாப்ள."

அவன் பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பச்சை பூத்த இடத்தைக் கட்டை விரலால் ஒருமுறை தேய்த்தான். அந்த விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது என்று எனக்குப் பட்டது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

"நம்ம கடைப் பூட்டுதான். அந்தச் சாவியெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க. வெட்டி எடுத்துரலாம்."

கீழேயிருந்து கட்டரை எடுத்தான். ஒரே அழுத்து. பூட்டு இரண்டாக விழுந்தது. ஜிப்பை இழுத்ததும் பாதியில் பல் விட்டுக்கொண்டது. உள்ளே, மகளிடம் சொன்னதுபோல ஒன்றுமில்லை. ஒரு பிடி மணல்தான் கண்ணாடியில் கொட்டியது. அதை அவன் பார்த்தான், நானும் பார்த்தேன். அலமாரியிலிருந்து துணியை எடுத்து மேஜையைச் சுத்தமாகத் துடைத்து, மணலை வாசல் பக்கம் உதறினான்.

"ஜிப்பு மாத்தணும். விட்டுட்டுப் போங்க. புதன்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க."

ரிப்பேருக்கு வருகிற பைகளில் கட்டுகிற அட்டைச் சீட்டு ஒன்றை எடுத்தான். பையின் காதில் நூலைக் கோத்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான். அட்டையைப் பார்த்தபடியே, எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"பேரு என்ன போட?"

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலை நிமிரவில்லை. பேனா அட்டைமேல் காத்துக்கொண்டிருந்தது. சந்தில் யாரோ ஹாரன் அடித்தார்கள். என் பெயரைச் சொன்னேன்.

"இனிஷியல்?"

அதையும் சொன்னேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல், முழுசாக எழுதிப் பையில் கட்டினான்.